நாலடித் தொட்டி, நாலாயிரம் அதிசயம்… தெரியுமா?

அல்லித் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறதே அந்தத் தட்டான், அதற்கு எத்தனை கண் தெரியுமா? இரண்டு என்றுதானே சொல்வீர்கள்! மேக்ரோ லென்ஸை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கவிழ்த்துவைத்த கிண்ணம் போலத் தலையை மூடிய இரண்டு கூட்டுக்கண்கள். ஒவ்வொன்றிலும் தேன்கூட்டு அறைகளாக நெருக்கியடித்துக்கொண்டு 30,000 வரை சின்னஞ்சிறு கண்கள்! அது போதாதென்று உச்சியில் தனியாக இன்னும் மூன்று! இதை முதன்முதலில் கேமரா திரையில் பெரிதாக்கிப் பார்த்த அன்று, கையிலிருந்த காபி ஆறிப்போனதே எனக்குத் தெரியவில்லை.

மேக்ரோ என்றால் ஒரு சென்டிமீட்டர் பூச்சியின் பிம்பம் சென்சார் மேலும் ஒரு சென்டிமீட்டராகவே விழ வேண்டும். அந்த நெருக்கத்தில், அப்பர்ச்சரை எஃப் 8-ல் வைத்தாலும் கூர்மையாகப் பதியும் ஆழம் எவ்வளவு தெரியுமா? சுமார் ஒரு மில்லிமீட்டர்! கண் தெளிந்தால் இறக்கை கலங்கும். மூச்சு விட்டாலே ஃபோகஸ் போய்விடும். அதனால்தான் ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக்குகிறார்கள். இங்கிலாந்துக்காரர் லெவோன் பிஸ், அருங்காட்சியகப் பூச்சி ஒவ்வொன்றுக்கும் சுமார் 8,000 படங்கள் எடுத்து இணைத்தார்! 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது, விரல்நுனியில் அடங்கும் வண்டு ஆளுயரத்தைத் தாண்டி நின்றது.

நமக்கு அவ்வளவு வேண்டாம். கேமராவோடு வந்த 18-55 லென்ஸையே ஒரு ரிவர்ஸ் ரிங் போட்டுத் தலைகீழாக மாட்டினால், 18 பக்கம் திருப்பத் திருப்பப் பெருக்கம் ஏறும், மேக்ரோ லென்ஸையே மிஞ்சிவிடும்! ஃப்ளாஷ் முன்னால் ஒரு டிரேசிங் பேப்பர் கட்டாயம். இல்லாவிட்டால் அந்தக் கண்கள் மேல் வெள்ளைத் திட்டுதான் விழும். விடியற்காலையில் போங்கள். உடம்பில் சூடு ஏறும்வரை தட்டானால் பறக்க முடியாது. பனித்துளி கோத்த இறக்கையோடு உங்களுக்காகவே காத்திருக்கும்.

தண்ணீர் மேல் நடக்கும் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அதன் நிழலைப் பார்த்திருக்கிறீர்களா? கால் ஊன்றிய இடமெல்லாம் தண்ணீர் கிழியாமல் குழிகிறது. அந்தக் குழி ஒவ்வொன்றும் தொட்டியின் அடியில் வட்ட நிழலாக விழுகிறது! காலெல்லாம் தண்ணீர் ஒட்டாத நுண்மயிர். ஒரே ஒரு கால், அந்தப் பூச்சியின் எடையைப்போல் 15 மடங்கைத் தாங்கும் என்று 2004-ல் சீன விஞ்ஞானிகள் அளந்து சொன்னார்கள்!

பக்கத்திலேயே கிறுகிறுவென்று சுற்றும் கருவண்டின் கண் இரண்டாகப் பிரிந்திருக்கும்: மேல்பாதி வானத்துக்கு, கீழ்ப்பாதி தண்ணீருக்குள்! இன்னொரு பழுப்புப் பூச்சி, முதுகு நிறைய முட்டையோடு நீந்தும். தாய் என்று நினைத்தீர்களா? அப்பா! அம்மா முட்டைகளை அவர் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறாள். அவை பொரியும்வரை, அடிக்கடி மேலே வந்து முட்டைகளுக்குக் காற்றுக் காட்டுவது அவர் பொறுப்பு.

அல்லி இலையில் மஞ்சள் வயிற்றோடு ஊசித்தட்டான் உட்கார்ந்தால் எனக்குத் தனிப் பாசம். அதன் அறிவியல் பெயர் செரியாக்ரியான் கோரமண்டலியானம். ஆம், நம் சோழமண்டலக் கரையின் பெயர்! அந்தக் கரைப்பெயரை 1798-ல் வைத்தவர் டென்மார்க்கில் பிறந்த பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ்.

மழைக்கு முன் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான் எதுவரை போகும் தெரியுமா? ஆப்பிரிக்கா வரை! ஒரு கிராம்கூடத் தேறாத உடம்பு, காற்றைப் பிடித்துக்கொண்டு இந்தியப் பெருங்கடலைத் தாண்டுகிறது. மாலத்தீவில் ஆண்டுதோறும் அக்டோபரில் இவை லட்சக்கணக்கில் வந்திறங்குவதைக் கவனித்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், 2009-ல் இந்தக் கணக்கை வெளியிட்டார். போய்த் திரும்பும் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர்! தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி முடிக்கும் பயணம் அது.

அந்தத் தட்டானின் பிள்ளைப்பருவம் முழுக்கத் தண்ணீரில்தான். மூச்சு விடுவது பின்புறத்தால்! அதே வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி ராக்கெட் மாதிரிப் பாயும்! மடக்கிவைத்த கீழுதட்டைச் சட்டென்று நீட்டிக் கொசுப்புழுவைப் பிடிக்கும். தயவுசெய்து தொட்டியில் பூச்சிமருந்து ஊற்றாதீர்கள். இவையும் செத்துப்போகும்.

ஒருநாள் இருட்டோடு டார்ச்சை அடித்துக்கொண்டு போனேன். அல்லித்தண்டில் தட்டான் பிள்ளை ஒன்று ஏறி நின்றது. முதுகு பிளந்தது. தலை வந்தது, கால் வந்தது, அப்படியே பின்னால் சாய்ந்து தலைகீழாகத் தொங்கியது. அசைவே இல்லை. செத்துவிட்டதோ என்று பதறிப்போனேன். திடீரென்று எழும்பித் தன் பழைய தலையையே பிடித்துக்கொண்டு வாலை உருவியது! கசங்கிய இறக்கை மெல்ல மெல்ல விரிந்தது. வெயில் வந்ததும் போயேவிட்டது.

காலிக்கூட்டை லென்ஸில் பார்த்தேன். கிழிந்த முதுகிலிருந்து வெள்ளை நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. என்ன தெரியுமா? மூச்சுக்குழல்களின் உள்தோல்! தண்ணீருக்குள் வாழ்ந்த காலத்தின் மூச்சுப்பாதையை உரித்து, தண்டிலேயே விட்டுவிட்டுப் பறந்திருக்கிறது.