பதினாலரைக் கிலோ படிகத்தில் நியூட்ரினோ

நியூட்ரினோவைப் பிடிக்கும் கருவி என்றதும் ஜப்பானில் மலைக்கடியில் 50,000 டன் நீர் நிரப்பிய சூப்பர் கமியோகாண்டே தொட்டிதான் நினைவுக்கு வரும். எதன்மீதும் எளிதில் மோதாத துகளுக்கு அவ்வளவு பெரிய தொட்டி தேவைப்படுகிறது. 2017இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் கோஹெரண்ட் என்ற ஆய்வுக்குழுவோ 14.6 கிலோ எடையுள்ள ஒரு படிகத்தை வைத்தே நியூட்ரினோ மோதல்களை அளந்துவிட்டது. ஒரே ஆள் தூக்கிவிடக்கூடிய எடை!

இதற்கான கணக்கை 1974இலேயே டேனியல் ஃப்ரீட்மன் போட்டு வைத்திருந்தார். ஆற்றல் குறைந்த நியூட்ரினோவுக்கு அணுக்கருவுக்குள் இருக்கும் துகள்கள் தனித்தனியாகத் தெரியாது. அணுக்கரு முழுவதையும் சேர்த்தே தள்ளும். அப்படி மோதும் வாய்ப்பு, ஏறக்குறைய நியூட்ரான் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. சீசியத்தில் 78 நியூட்ரான்கள், அயோடினில் 74. சீசியம் அயோடைடு படிகத்தைத் தேர்ந்தெடுத்ததில் இதற்குப் பெரிய பங்குண்டு.

அப்படியிருந்தும் 43 ஆண்டுகள் ஆயின. உரல்மேல் சுண்டைக்காயை எறிந்துவிட்டு, உரல் எவ்வளவு அசைந்தது என்று அளக்கிற வேலை இது. அசையும் அணுக்கரு படிகத்தில் எழுப்பும் ஒளி அவ்வளவு சொற்பம்.

ஓக் ரிட்ஜில் புரோட்டான் கற்றை நொடிக்கு 60 துடிப்புகளாகத் திரவப் பாதரசத்தில் மோதுகிறது. நியூட்ரான்களுக்காகக் கட்டிய இயந்திரம் அது. நியூட்ரினோக்கள் கூடவே வருகின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்த சில மைக்ரோ நொடிகளில் தெரியும் ஒளியை, துடிப்புக்கு முன்பு தெரியும் ஒளியோடு ஒப்பிட்டால் மிகுவது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆனால் நியூட்ரான்களும் அணுக்கருவை அதேபோலத் தள்ளும். அதனால்தான் பாதரசத்திலிருந்து சுமார் 20 மீட்டர் தள்ளி, கான்கிரீட்டும் சரளையும் நடுவே நிற்கும் அடித்தளத் தாழ்வாரத்தில் படிகத்தை வைத்தார்கள். சுற்றிலும் ஈயமும் நீரும். அந்த ஈயத்திலும் நியூட்ரினோ மோதி நியூட்ரானைக் கிளப்பக்கூடும் என்பதால், ஈயத்துக்கு உட்புறம் பாலிஎதிலீன் அடுக்கு ஒன்று. காவலுக்கே காவல் போட்ட இந்தக் கவனம்தான் எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்தது.

எஞ்சியது சுமார் 134 நிகழ்வுகள். கோட்பாடு எதிர்பார்த்தது 173. பிழை வரம்புக்குள் இரண்டும் பொருந்தின. பிறகு ஆர்கானிலும் இதே தள்ளலை அளந்தார்கள்.

கரும்பொருளைத் தேடுபவர்களுக்கு இந்த எண்கள் மிக முக்கியம். கரும்பொருள் துகள் அணுக்கருவைத் தள்ளுகிறதா என்று பார்க்கும் அவர்களுடைய செனான் கருவிகளில் சூரிய நியூட்ரினோக்களும் இதேபோல் அணுக்கருவைத் தள்ளுகின்றன. அதன் முதல் அறிகுறிகளை 2024இல் இத்தாலியின் செனான்என்டி, சீனாவின் பாண்டாஎக்ஸ் கருவிகள் கண்டன. கருவி கூர்மையாகக் கூர்மையாக, சூரியனின் பங்கைக் கழித்த பிறகே கரும்பொருளைத் தேட முடியும்.