முதலை தப்பிச்சதா? வதந்தியை விரட்ட பி.ஆர்.ஓ. செய்ய வேண்டியது என்ன?

2015-ம் ஆண்டு சென்னை வெள்ளத்தின்போது, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலி பண்ணையில் இருந்து முதலைகள் தப்பிவிட்டதாக வாட்ஸ்-அப்பில் தகவல் பரவியது. பண்ணை நிர்வாகம் இதை திட்டவட்டமாக மறுத்தது.

இதுமாதிரி நேரத்தில் மக்கள் தொடர்பு அதிகாரி (பி.ஆர்.ஓ.) என்ன செய்யணும்?

முதலில், பரவும் படத்தை கூகுள் லென்சில் போட்டுப் பார்க்கணும். பழைய படமாக இருந்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்து, மறுப்பை நாலே வரியில் தமிழில் எழுதி, ஒரே படமாக அனுப்பணும். பக்கம் பக்கமாக பி.டி.எப். அனுப்பினால் யார் திறந்து படிப்பாங்க?

தேதி, நேரம் கட்டாயம். இல்லாவிட்டால் இன்றைய மறுப்பே நாளை புது குழப்பம் ஆகிவிடும்.

அதே மறுப்பை அலுவலக இணையதளத்திலும் போடணும். அப்போதுதான் மக்கள் சரிபார்க்க முடியும்.

வாட்ஸ்-அப் தகவலில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். உஷாரா இருங்க!