கபடிக் களத்தில் புதிய வீரன்

ஒரு விளையாட்டு வீரனின் பெருமையை அவன் ஓய்வு பெறும் நாளில் எடுத்துரைப்பது எளிது. அவன் களத்தில் முதன்முதலாகக் கால்வைக்கும் நாளில், "இவன் எந்நிலையை அடைவான்?" என்று கணித்துரைப்பது அரிது. கபடியில் எதிரணியின் எல்லைக்குள் தனியொருவனாய்ப் பாடிச் செல்லும் வீரனைப் பொறுத்தவரை இக்கணிப்பு மிகவும் அரிது. ஏனெனில், அவனது வெற்றி கண்ணைக் கவரும் இயல்புடையது. கண்ணைக் கவர்வதெல்லாம் நிலைத்து நிற்பதில்லை.

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், புத்தளம் ஆகிய ஊர்களைக் கடந்து கற்பிட்டி வரை நீளும் கரையோரத்தில் மணலுக்கும் குறைவில்லை. ஓடியாடும் இளைஞர்க்கும் குறைவில்லை. திருவிழாக் காலத்துப் போட்டியொன்றில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஒரே மூச்சில் மூவரைத் தொட்டு மீண்டுவிட்டால், மறுநாட் காலைக்குள் அவன் பெயர் ஊரெங்கும் பரவிவிடுகின்றது. "இவன் இந்தியாவுக்கே போய் ஆடுவான்" என்று பெரியவர்களும் பேசத் தொடங்குகின்றனர். அவ்வாறு பேசுவது அடிப்படையற்றதன்று. 2014ஆம் ஆண்டு இந்தியாவில் தொடங்கப்பெற்ற புரோ கபடி லீக் என்னும் தொழில்முறைத் தொடரில் இலங்கை வீரர்களும் இடம்பெற்றுள்ளனர். ஆனால், ஒருநாட் கணிப்பை நம்பிப் பையனின் படிப்பையும், உடலையும், குடும்பத்தின் எதிர்பார்ப்பையும் பணயம் வைப்பது தகுமா என்பதே கேள்வி.

இக்கேள்வி கபடிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தன்னை வீழ்த்த வரும் எதிரணியினரிடையே புகுந்தோடும் வீரன் ஒருவன் உண்டு. பாடிச் செல்பவனுக்கு அவன் ஒருவகையில் உடன்பிறப்பு. ஆண்டுதோறும் அந்நாட்டுத் தொழில்முறைக் கழகங்கள் புதிய வீரர்களை வரிசைப்படி தெரிவு செய்கின்றன. அதற்குமுன் அவர்களை 40 யார், அதாவது ஏறக்குறைய 37 மீற்றர் தூரம் ஓடவிட்டுக் கடிகாரத்தால் அளக்கின்றன. இத்தனை அளவைகள் இருந்தும் கணிப்புத் தவறுவதுண்டு. 2012இல் மூன்றாவதாகத் தெரிவு செய்யப்பட்ட டிரென்ட் ரிச்சட்சன் என்பவர், 2014ஆம் ஆண்டுக்குப் பின் அத்தொடரில் ஆடவில்லை. 1990இல் பதினாறு பேருக்குப் பின் பதினேழாவதாகவே தெரிவு செய்யப்பட்டவர் எம்மிட் சிமித். உருவிற் சிறியவர், வேகம் போதாதவர் என்று கருதப்பட்ட அவர், தம் ஆட்டக்காலம் முழுவதிலும் 18,355 யார் தூரம் பந்தைச் சுமந்தோடி, இன்றளவும் முறியடிக்கப்படாத சாதனையை நிலைநாட்டினார். வேகத்தை அளக்கக் கடிகாரம் உண்டு. எதிரே திறக்கும் சிறு இடைவெளியை முன்னுணரும் அறிவை அளக்கக் கருவி இல்லை.

கபடிக் களமோ இன்னும் சிறியது. ஆண்களுக்கான களத்தின் நீளம் 13 மீற்றர். அகலம் 10 மீற்றர். நடுக்கோட்டிலிருந்து எதிரணியின் கடைக்கோடு ஆறரை மீற்றர் தூரமே. இக்குறுகிய இடத்தில் நேரோட்டத்தின் வேகம் முழுமை பெறுமுன்னரே எல்லை வந்துவிடும். ஆதலின், பாடசாலை ஓட்டப் போட்டியில் முதலிடம் பெற்றவன் சிறந்த கபடி வீரனாவான் என்று கொள்வது பொருந்தாது. இங்கு வேண்டப்படுவது நின்ற நிலையிலிருந்து பாயும் விரைவு, பாய்ந்த வேகத்திலேயே நிற்கும் ஆற்றல், நின்ற கணத்திலேயே திசை மாறும் வல்லமை ஆகியனவே.

இரண்டாவதாக நோக்க வேண்டியது பார்வை. பாடிச் செல்பவனுக்குக் கிடைப்பது 30 விநாடி மட்டுமே. அதற்குள் மூச்சு விடாது "கபடி, கபடி" என்று ஒலித்துக்கொண்டே, நடுக்கோட்டிலிருந்து 3.75 மீற்றர் தூரத்திலுள்ள கோட்டை அவன் கடந்தாக வேண்டும். எதிரே எழுவர் கைகோத்து வளைந்து நிற்பர். மூலையில் நிற்பவன் கணுக்காலைப் பற்றக் காத்திருப்பான். பயிற்சியற்ற பையன் தான் தொட எண்ணியவனையே உற்றுநோக்குகின்றான். வளரத்தக்க பையனோ ஒருவனைப் பார்த்தவாறு மற்றொருவனைத் தொடுகின்றான். தன் முதுகுப்புறத்தே நகரும் காலடியையும் அறிகின்றான். ஒரே ஆட்டத்தில் இருமுறை ஒரே மூலையிற் பிடிபடுபவன் யார், ஒருமுறை பிடிபட்டதும் மறுமுறை வழியை மாற்றிக்கொள்பவன் யார் என்று கவனித்தல் நன்று. பின்னவனே கற்றுக்கொள்ளும் இயல்புடையவன்.

மூன்றாவது, கணக்கு. இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் இருபது முறை பாடிச் செல்கின்றனர். முதல்வன் எட்டு முறை ஒவ்வொருவரைத் தொட்டு மீள்கின்றான். ஆறு முறை பிடிபடுகின்றான். இரண்டாமவன் ஆறு முறை தொட்டு மீள்கின்றான். ஒரே முறை பிடிபடுகின்றான். எஞ்சியவற்றில் இருவரும் வெறுங்கையுடன் திரும்புகின்றனர். ஊரார் கைதட்டுவது எட்டுப் புள்ளி பெற்றவனுக்கே. ஆனால், அவன் பிடிபட்ட ஒவ்வொரு முறையும் எதிரணி ஒரு புள்ளி பெற்றது. அவனால் அணிக்கு எஞ்சிய இலாபம் இரண்டு, மற்றவனாலோ ஐந்து. மேலும், பிடிபட்டவன் தன் அணியினர் எதிரணியில் ஒருவரை வெளியேற்றும் வரை வெளியே அமர்ந்திருக்க வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

ஆயினும், வெறுங்கையுடன் திரும்புவதே பாதுகாப்பு என்று எண்ணுவதும் பிழை. தொழில்முறைத் தொடரில் ஓர் அணி தொடர்ந்து இருமுறை புள்ளியின்றித் திரும்பினால், மூன்றாம் முறை செல்பவன் புள்ளி பெற்றே ஆக வேண்டும். இல்லையேல் அவன் வெளியேற வேண்டும். தான் தப்பித்துக்கொண்டு இச்சுமையைப் பிறர் தோளில் ஏற்றுபவனை நல்ல வீரன் என்று சொல்ல இயலாது. எனவே, அந்த மூன்றாம் முறையில் பையன் எவ்வாறு நடந்துகொள்கின்றான் என்பதைத் தனியாகக் குறித்துவைத்தல் வேண்டும். புள்ளிகள் எவ்வழியில் வந்தன என்பதும் முக்கியமே. எதிரணியில் அறுவரோ எழுவரோ நிற்கையில் உட்கோட்டை மிதித்து வரும் மேலதிகப் புள்ளி, வெளியே அமர்ந்திருக்கும் தோழனை மீட்டுத் தராது. ஒருவனைத் தொட்டுப் பெறும் புள்ளியே அவனை மீட்டுத் தரும்.

முதற்பருவத்தைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்பதற்கும், விலை உயர்ந்தவனை மட்டும் நம்பலாகாது என்பதற்கும் அண்மைக்காலச் சான்றுகள் உள. பிரதீப் நர்வால் 2015இல் பெங்களூர் அணியில் அறிமுகமானபோது பெரிதாகப் பேசப்படவில்லை. அடுத்த பருவத்தில் பாட்னா அணிக்கு மாறிய அவர், 2017ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 369 புள்ளிகளைப் பாடிச் சென்று ஈட்டினார். கைகோத்து நிற்போரின் சங்கிலிக்குக் கீழே குனிந்து நழுவும் வித்தை அவருக்குப் புகழ் தந்தது. மற்றொரு சான்று தமிழ்நாட்டின் பெயர் தாங்கிய தமிழ் தலைவாஸ் அணியைச் சேர்ந்தது. 2022இல் அவ்வணி பவன் செராவத் என்னும் புகழ்பெற்ற வீரரை, அதுவரை எவருக்கும் அளிக்கப்படாத 2 கோடியே 26 இலட்சத்து 50 ஆயிரம் இந்திய ரூபாவுக்கு ஏலத்தில் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலிற் காயமுற்று, அப்பருவம் முழுவதும் ஆட இயலாதவரானார். அந்நிலையில் அணியின் சுமையைத் தாங்கியவர் நரேந்தர் என்னும் புதிய இளைஞர். தம் முதற்பருவத்திலேயே அவர் 243 புள்ளிகளை ஈட்ட, அணி முதன்முறையாக அரையிறுதி வரை சென்றது.

முழங்காலைப் பற்றிய இச்செய்தி நம் கரையோர இளைஞர்க்குச் சிறப்பாகப் பொருந்தும். மணலில் ஆடிப் பழகியவனின் பாதம் திரும்பும்போது சற்றே சறுக்கும்; அச்சறுக்கல் முழங்காலின் சுமையைக் குறைக்கும். தொழில்முறை ஆட்டம் நடைபெறுவதோ விரிப்பின்மீது, காலணியுடன். அங்கே பாதம் இறுகப் பற்றிக்கொள்ள, உடல் மட்டும் திரும்ப நேரிடும். அந்த முறுக்கை முழங்காலின் தசைநார் தாங்க வேண்டியதாகின்றது. மணலில் மின்னலெனத் திரும்பும் பையனை முன்னறிவிப்பின்றி விரிப்பில் இறக்கிவிடுதல் ஆபத்தானது. பல வாரங்கள் சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும். வலியை மறைத்து ஆடுவதை வீரமென்று புகழாமல், வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

இக்கரையோரத்தில் கணிப்போர் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. கரைவலை இழுக்கும் குடும்பத்துப் பிள்ளைகளின் முதுகும் தொடையும் இயல்பாகவே உரம் பெற்றிருக்கும். ஆனால், வைகறையில் வலை இழுத்துவிட்டு மாலையில் களத்துக்கு வருபவன் களைத்தே வருவான். மேற்குக் கடல் அமைதியுறும் மாதங்களில் தொழில் மும்முரமாக நடைபெறும். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் ஓய்வு கிடைக்கும். ஆகவே, தை மாதத்து மாலையில் தளர்ந்து காணப்பட்ட பையனை ஆற்றலற்றவன் என்று ஒதுக்குவது நீதியாகாது. அன்று காலையில் அவன் என்ன வேலை செய்தான், என்ன உண்டான் என்று ஒரு வார்த்தை கேட்டபின்னரே அவன் ஆட்டத்தை எடைபோட வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் மறுகரையில், தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்ட கணேசன், 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டு விழாவில் தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். மறு ஆண்டு அவருக்கு அருச்சுனா விருது வழங்கப்பெற்றது. சிற்றூரிற் பிறந்தமை தடையன்று என்பதற்கு அவர் சான்று. ஆயினும், ஒரு கணேசன் உயர்ந்த பாதையில் நூறு பிள்ளைகள் பாதிவழியில் நின்றுவிடுவதும் உண்மை. அவ்வாறு நிற்க நேர்பவனின் கையில் வேறு பிடிமானம் இருத்தல் வேண்டும். கல்விப் பொதுத் தராதரப் பரீட்சைக்கு முன்னரே விளையாட்டை நம்பிப் பாடசாலையை விட்டு விலக்குவது, ஒரே மூலையில் முழுப் பலத்தையும் வைத்து மறுமூலையைத் திறந்துவிடுவது போன்றதாகும்.

பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியரும் விளையாட்டுக் கழகத்தாரும் கைக்கொள்ளத்தக்க முறை கடினமானதன்று. பையனை ஒரு நாளிலன்று, ஒரு பருவம் முழுவதும் பாருங்கள். அவன் எத்தனை முறை சென்றான், எத்தனை முறை தொட்டான், எத்தனை முறை பிடிபட்டான், அப்போது எதிரே எத்தனை பேர் நின்றனர் என்பதை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். தோல்விக்கு அடுத்த நாள் பயிற்சிக்கு வருகின்றானா என்று பாருங்கள். பருவத்தின் முடிவில் அக்கொப்பியை அவனிடமே கொடுத்து, எங்கே தவறினாய் என்று கேளுங்கள். தன் பிழையைத் தானே சுட்டிக்காட்டும் பையனுக்கு இன்னும் ஓராண்டுப் பயிற்சி அளிக்கலாம்; அதன்பின் அவன் எதிர்காலத்தைப் பற்றிப் பேசலாம்.