யார் வீட்டுக் கப்பல் இது?

பளிங்குக் கல்லுக்குப் பெயர் போன ஊர் இத்தாலியின் கர்ராரா. அங்குள்ள கப்பல் தளத்துக்கு 2021-ல் உல்லாசக் கப்பல் ஒன்று பழுதுபார்க்க வந்தது. பெயர் ஷெஹரசாத். ஆயிரத்தொரு இரவுக் கதைகளைச் சொன்னாளே, அந்த ராணியின் பெயர்தான்! 140 மீட்டர் நீளம், ஆறு தளங்கள், ஹெலிகாப்டர் இறங்க இரண்டு இடங்கள். ஜெர்மனியில் கட்டியது, மதிப்பு சுமார் 70 கோடி டாலர் என்றார்கள்.

பழுதுக்கு வரும் கப்பலின் முதலாளி யார் என்பது சாதாரணமாக ஊருக்கே தெரிந்துவிடும். மசகான் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கோ பெயர்ப் பலகைக்கே உறை மாட்டியிருந்தார்கள். வேடிக்கை பார்ப்பவர் கண்ணில் படாதிருக்கத் துறையில் தடுப்பு வேறு. மறைக்க மறைக்க ஆவல் கூடாதா? 'புடின் கப்பல்' என்று ஊராரே பெயர் சூட்டிவிட்டார்கள்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் ஊர்ப்பேச்சு உலகப் பேச்சாயிற்று. புடின் இதில் கால் வைத்ததே இல்லை என்றார் பிரிட்டிஷ் கேப்டன். கப்பல் சிப்பந்திகளில் பலர் புடினின் மெய்க்காவல் படையினர் என்றார்கள் நவல்னியின் குழுவினர். மே மாதத் தொடக்கத்தில் கப்பல் தண்ணீரில் இறக்கப்பட்டது. புறப்பட்டுவிடுமோ என்ற பரபரப்பு! 6-ந் தேதி இத்தாலி அரசு அதை முடக்கியது. ரஷ்ய அரசின் முக்கியப் புள்ளிகளுடன் கப்பலுக்குத் தொடர்பு உண்டு என்றது உத்தரவு. புடின் பெயரைச் சொல்லவில்லை.

முடக்கிய சொத்தைப் பராமரிப்பது அங்கே அரசாங்கத்தின் பொறுப்பு. பழுதுபார்க்க வந்த கப்பல், சர்க்கார் செலவில் அதே தளத்தில் நின்றது.