செல்ஃப் முக்குகிறது, இன்ஜின் எடுக்கவில்லை: சந்தேகங்களும் விளக்கங்களும்

கயிறு இழுத்துக் கிளப்பும் சின்ன அவுட்போர்டு இன்ஜினில் ஏதாவது கோளாறு என்றால், இழுப்பவரின் தோளுக்கே முதலில் தெரிந்துவிடும். செல்ஃப் வைத்த இன்ஜினில் அந்த வசதி இல்லை. சாவியைத் திருப்பினால் என்னவோ முனகுகிறது, ஃப்ளைவீல் அரைச்சுற்று சுற்றி நிற்கிறது. வடகிழக்குப் பருவமழைக்குக் கரையேற்றிய படகுகளைத் தை மாதத்தில் மறுபடி இறக்கும்போது இந்தப் புகார் கூடுதலாகவே கேட்கும். மீன்பிடிப் படகுக்காரர்களும் சுற்றுலாப் படகு ஓட்டுபவர்களும் வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

செல்ஃப் மெதுவாகத்தான் சுற்றுகிறது. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், பிளக்கும் புதிதாகப் போட்டார். அப்படியும் எடுக்கவில்லையே?

எடுக்காது. இன்ஜின் தேவையான வேகத்தில் சுற்றினால்தான் இக்னிஷன் காயிலில் பிளக்கை எரியவைக்கும் அளவுக்கு மின்சாரம் உருவாகும். முக்கி முக்கிச் சுற்றும்போது ஸ்பார்க் வராது, வந்தாலும் வலு இருக்காது. இன்ஜெக்‌ஷன் வைத்த புது மாடல்களில், சுற்றும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரே விழிக்காது. அதனால் பெட்ரோல் வரவில்லை, பிளக் வேலை செய்யவில்லை என்று தோன்றுவதெல்லாம் விளைவுகள்தான், காரணம் வேறிடத்தில் இருக்கிறது. செல்ஃப் விறுவிறுவென்று சுற்றியும் எடுக்கவில்லை என்றால் மட்டுமே பெட்ரோல் பக்கம் போக வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது, சுவிட்சில் செருகும் சிவப்புக் கயிற்றின் கிளிப் அதனிடத்தில் இருக்கிறதா என்பதை. மெதுவாகச் சுற்றும் இன்ஜினில் கார்புரேட்டரைத் திறப்பது வெட்டி வேலை.

பேட்டரி வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மீட்டரில் 12.6 காட்டுகிறது. பிறகு ஏன் முக்குகிறது?

ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ் இருக்கிறது என்று பொருள். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். ஆனால் இந்தக் கணக்கு எதுவும் சுமை ஏறாத நிலைக்குத்தான் பொருந்தும். மீட்டரின் முள்களைப் பேட்டரி முனைகளிலேயே வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி ஒத்துழைக்கவில்லை. சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் விட்டுப் பார்த்த பிறகும் 10.5 பக்கத்திலேயே நிற்கிறதா? ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது. அதற்கு மருந்து கிடையாது.

விழவில்லை, 11க்கு மேலேயே நிற்கிறது, ஆனாலும் செல்ஃப் முக்குகிறது என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். கரண்ட் வழியில் எங்கோ தடைபடுகிறது. புதுப் பேட்டரி வாங்கி ஏமாறுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

அந்தத் தடையை எப்படிக் கண்டுபிடிப்பது? கேபிளில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 'பீப்' என்று சத்தம் வருகிறதே, அப்படியானால் கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது?

அந்தச் சத்தத்தை நம்பக் கூடாது. நூறு இழை உள்ள கேபிளில் இரண்டு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் கத்தும். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரண்டோ நூறு, நூற்றைம்பது ஆம்பியர். 150 ஆம்பியர் ஓடும் பாதையில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவீடு காட்டாது.

அதனால் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முள்ளைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் குத்துங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வேண்டாம், ஈய முனையிலேயே வைக்க வேண்டும். இன்னொரு முள்ளை ஸ்டார்ட்டர் மோட்டாரில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டில் வையுங்கள். சாவியைத் திருப்பும்போது மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலையும் வோல்டேஜ். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒன்று, ஒன்றரை என்று காட்டினால் இரண்டாவது முள்ளைப் பேட்டரியை நோக்கி ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே வாருங்கள்: சோலினாய்டின் வெளிப் போல்ட், உள் போல்ட், கேபிள் முனை, கிளாம்பு. எந்த இடத்தைத் தாண்டியதும் எண் சட்டென்று குறைகிறதோ, திருடன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். இதே சோதனையை நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையிலும் செய்ய வேண்டும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். லாரியில் இருப்பதுபோல ஃபைபர் படகில் பாடி எர்த் கிடையாது. போன கரண்ட் திரும்பி வர அந்த ஒற்றைக் கறுப்புக் கேபிளை விட்டால் வேறு வழியில்லை.

மேலுக்குப் பளபளப்பாக இருக்கும் கேபிளையும் சந்தேகப்படுங்கள். முனையில் இருக்கும் லக்கை ஒட்டி ரப்பரை ஓர் அங்குலம் கீறிப் பாருங்கள். செம்பு நிறம் தெரிந்தால் நல்லது. உள்ளே பச்சையாகவோ கறுப்பாகவோ பொடிந்து வந்தால், உப்புக் காற்று இழைகளுக்குள் புகுந்துவிட்டது. சுரண்டிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். மலிவு விலையில் கிடைக்கும் செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் கடலுக்கு ஆகாது.

படகின் பின்பக்கம் பாரமாக இருக்கிறது என்று பேட்டரியை முன்பக்கம் கொண்டுபோய் வைத்தோம். அதிலிருந்துதான் இந்தத் தொல்லை.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பேட்டரியிலிருந்து இன்ஜின் 6 மீட்டர் என்றால், போகவும் வரவும் 12 மீட்டர் கேபிள். 25 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 150 ஆம்பியர் ஓடினால், கேபிளிலேயே ஏறக்குறைய 1.3 வோல்ட் போய்விடும். பேட்டரி பின்னால் ஒன்றரை மீட்டரில் இருந்தபோது இந்த இழப்பு 0.3 வோல்ட்தான். முன்னால்தான் வைக்க வேண்டும் என்றால் கேபிளின் தடிமனை இரண்டு மடங்காக்குங்கள்.

சாவி திருப்பினால் 'டக் டக் டக்' என்று அடிக்கிறது, சுற்றவே இல்லை. சோலினாய்டு போய்விட்டதா?

விடாமல் அடித்தால் சோலினாய்டு உயிரோடுதான் இருக்கிறது. அது இழுத்தவுடன் வோல்டேஜ் சரிகிறது, சரிந்ததும் விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. சார்ஜ் இல்லாத பேட்டரியோ தளர்ந்த டெர்மினலோ காரணமாக இருக்கும். கையால் முடுக்கும் சிறகு நட்டுகள் இன்ஜினின் அதிர்வில் தானாகத் தளரும், அவற்றை எடுத்துவிட்டு ஸ்பேனர் போடும் அறுகோண நட்டு போடுங்கள். ஒரே ஒரு கனத்த 'டக்', பிறகு சத்தமே இல்லை என்றால் சோலினாய்டின் உள் முனைகள் கருகியிருக்கலாம், ஸ்டார்ட்டர் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இன்ஜினே இறுகியும் இருக்கலாம்.

இன்ஜின் இறுகியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்ஜினை நியூட்ரலில் வைத்து, சிவப்புக் கயிற்றின் கிளிப்பைக் கழற்றிவிட்டு, எல்லா பிளக்கையும் எடுத்துவிடுங்கள். ஃப்ளைவீலைக் கையால் வலஞ்சுழியாகத் திருப்பிப் பாருங்கள். இடஞ்சுழியாகத் திருப்பினால் குளிர்நீர் பம்பின் ரப்பர் இறக்கைகள் மடங்கிக் கெட்டுவிடும். லேசாகச் சுற்றினால் மின் பக்கம்தான் கோளாறு. அசையவே இல்லை என்றால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம், கியர் பெட்டி சிக்கியிருக்கலாம். அந்த நிலையில் செல்ஃபை மேலும் அடித்தால் மோட்டாரும் சேர்ந்து எரிந்துவிடும்.

அலையடிக்கும் கரையில் படகை ஏற்றி இறக்கும் ஊர்களில் இன்னொன்றும் நடக்கும். பின்னாலிருந்து மோதும் அலை எக்சாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் ஏறிவிடும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது, பிஸ்டன் பாதி வழியில் நின்றுவிடும். பிளக் ஓட்டையிலிருந்து தண்ணீர் வந்தால், முகத்தை விலக்கிக்கொண்டு எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விட்டு ஓடவைக்க வேண்டும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விட்டால், மறுநாள் பார்க்கப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது.

காலையில் கரையில் நன்றாக எடுக்கிறது. வலை விட்டுக் காத்திருந்துவிட்டுத் திரும்பும்போது முக்குகிறது.

காத்திருக்கும் நேரமெல்லாம் விளக்கும் மீன் காட்டும் கருவியும் ஜிபிஎஸ்ஸும் பேட்டரியைத் தின்கின்றன. இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். இல்லையென்றால் சார்ஜ் ஏறவில்லை. பழைய சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள் சிலவற்றில் விளக்குக்கான ஏசி காயில் மட்டும்தான் உண்டு. ரெக்டிஃபையர் இல்லாமல் அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாது. முடிந்தால் விளக்குக்குத் தனிப் பேட்டரி, செல்ஃபுக்குத் தனிப் பேட்டரி என்று வைத்துக்கொள்வதே நிம்மதி.

பேட்டரியைச் சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடுமா? கொஞ்சம் ஆசிட் ஊற்றினால் உயிர் வருமா?

இரண்டும் இல்லை. இன்றைய பிளாஸ்டிக் பெட்டி பேட்டரிக்குச் சிமென்ட் தரையும் மரப்பலகையும் ஒன்றுதான். தரை உறிஞ்சுவதில்லை, நாள்பட்டுத் தானாகவே இறங்குகிறது, வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக இறங்குகிறது. மழைக்காலத்தில் கேபிளைக் கழற்றிவைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். குறைந்திருப்பது தண்ணீர்தான் என்பதால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கலந்த தண்ணீரால் கழுவலாம், ஆனால் ஒரு துளிகூட செல்லுக்குள் போகக் கூடாது. வாசலின் தடவுவது கிளாம்பை முடுக்கிய பிறகு. கேபிளைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

நடுக்கடலில் செல்ஃப் கைவிட்டால் என்ன செய்வது?

பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். இரண்டு நிமிடம் மோட்டாரை ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். அந்த இடைவெளியில் டெர்மினலைத் திருகி இறுக்கினாலே பல இன்ஜின்கள் எடுத்துவிடும். எடுக்காவிட்டால், நடுத்தர இன்ஜின்கள் பலவற்றில் ஃப்ளைவீலின் மேல் அவசரக் கயிறு மாட்டும் வெட்டு உண்டு. கியரில் இருந்தால் இன்ஜின் எடுக்காதபடி தடுக்கும் பாதுகாப்பு, கயிறு இழுக்கும்போது வேலை செய்யாது. ஆகவே நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, கட்டை கட்டிப் பிடிக்க வேண்டும். பின்னால் ஆள் நிற்கக் கூடாது. எடுத்த பிறகு மூடியை மாட்டப் போகாதீர்கள், பேட்டரிக் கேபிளையும் கழற்றாதீர்கள், ரெக்டிஃபையர் போய்விடும். கரை வந்து சேரும் வரை இன்ஜினை அணைக்கவும் வேண்டாம்.