தறிமேடைக்கு வரும் காற்றலை

தறியில் அமர்ந்திருப்பவரின் கண்களும் கைகால்களும் நூலுக்குக் கட்டுப்பட்டவை. செவி ஒன்றே ஓய்வாக இருக்கும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தைப் போன்று பட்டு நெய்யும் ஊர்களில் வானொலி வேலைக்குத் துணையானதன் காரணம் இதுவே. அச்செவியில் நாளெல்லாம் விழுவது யாது என்பதை நாம் அனைவரும் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

விளம்பரம் பெற்று ஒலிபரப்புவது நமக்குப் புதிதன்று. இலங்கை வானொலி 1950-இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகியிருந்த 1950-களில் தமிழக இல்லங்கள் கடல் கடந்து வந்த அக்குரலையே நாடின. அவ்வானொலியில் திரைப்பாடலும் உண்டு, நாடகமும் உண்டு, முஸ்லிம் சேவை என்றே தனியொரு சேவையும் உண்டு. நம் நாட்டில் விவித் பாரதி 1957-இல் பிறந்து, 1967-இல் விளம்பரங்களை ஏற்றது.

பண்பலை ஒலிபரப்பு இந்தியாவில் முதன்முதலாக 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கிற்று. காற்றலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1999-இல் தனியாருக்கு வழி திறக்கப்பட்டது. 2001-இல் பெங்களூரில் முதல் தனியார் நிலையம் ஒலித்தது. பின்னர் சென்னையில் சூரியன், மிர்ச்சி, ஹலோ முதலியன வந்தன.

நிலையங்கள் பெருகியபோது நிகழ்ச்சிகளும் பல்வகைப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. உரிமம் ஏலத்தில் விடப்பட்டது. ஆண்டுக் கட்டணம் ஒவ்வோர் ஆண்டும் 15 விழுக்காடு உயர்ந்தது. சுமை தாங்காமல் நிலையங்கள் முறையிட்டதன் பேரில், 2005-இல் வருவாயில் 4 விழுக்காடு என்று அது மாற்றப்பட்டது. செய்தி சொல்லத் தடை இருந்தது. ஒரு நகரில் ஒரு நிறுவனத்திற்கு ஓர் அலைவரிசையே என்ற விதியும் இருந்தது. எனவே ஒவ்வொருவரும் விளம்பரதாரர் விரும்பும் பெருங்கூட்டத்தையே துரத்தினர். நேயர் கடிதம் போய்த் தொலைபேசி வந்தது. அறியாதவரைத் தொலைபேசியில் அழைத்து ஏமாற்றி நகைப்பதும் ஒரு நிகழ்ச்சியாயிற்று. குடும்பத்தோடு கேட்கும் பெட்டியில் பிறரை அவமதித்துச் சிரிக்கும் பழக்கம் பிள்ளைகளுக்குப் பாடமாகிவிடக் கூடாது.

2011-இல் அரசு விதிகளைத் தளர்த்தியது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி ஒலிபரப்பலாம். வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு வழிகாட்டல் ஆகியவை செய்தித் தடையிலிருந்து விலக்கப்பட்டன. பெருநகரில் ஒரே நிறுவனம் வரம்புக்குட்பட்டு ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசை பெறவும் வழி பிறந்தது. மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என 2023-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைத்தது. ஆனால் அனுமதி வேறு, கடமை வேறு. பாடலுக்கு விளம்பரம் கிடைக்கும்போது பயனுள்ள தகவலுக்கு நேரம் ஒதுக்குவது நிலையத்தாரின் மனத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

தெருவில் பாவு நீட்டுபவருக்கு மழை வருமா என்பது அன்றைய பிழைப்பைப் பற்றிய கேள்வி. தறிவிட்டு வேறு படிப்புக்குச் செல்ல நினைக்கும் மகளுக்கு வழிகாட்டும் சொல் ஒன்று வேண்டும். இவற்றைச் சொல்ல ஒரு நிலையத்திற்குச் சில நிமிடங்கள் போதும்.

வேறு வழியும் உண்டு. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் சமுதாய வானொலியைத் தொடங்கியது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. நெசவாளர் தம் தொழிலைப் பற்றித் தம் மொழியிலேயே பேசிக்கொள்ளும் நிலையம் எட்டாக்கனி அன்று.

நேயர்களே! காற்றலையின் உரிமையாளர் நாமே என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிடிக்காத நிகழ்ச்சி வந்தால் திருகாணியைத் திருப்புவதோடு நில்லாமல், நமக்கு வேண்டியதை நிலையத்தாருக்கு எழுதிக் கேட்போம். பத்துப் பேர் எழுதினால் ஒருவேளை அசட்டை செய்வார்கள். ஊரே எழுதினால் விளம்பரதாரரும் செவிசாய்ப்பார்.