ஆற்றங்கரையோடு திரும்பிவிடாதீர்கள்

டண்டீயில் வழி தவறுவது கடினம். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், சுமார் ஒன்றரை லட்சம் பேர் வாழும் இந்த ஊர் முழுவதுமே ஒரு பெரிய சரிவு. கீழே டே நதி, மேலே லா என்று அழைக்கப்படும் குன்று. இறங்கிக்கொண்டே போனால் தண்ணீர் வரும், ஏறிக்கொண்டே போனால் குன்று வரும். மகள் அங்கே பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் அவள் கிளம்பியதும் நானும் கைப்பையையும் மழைக்கோட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். தேய்ந்த முழங்காலுடன் இந்தச் சரிவில் சுற்றியதால், எங்கே நடக்கலாம், எங்கே பஸ் ஏற வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

எடின்பரோவிலிருந்து ரயிலில் ஏறுங்கள். ஒன்றேகால் மணி நேரம்தான். வலதுபக்க ஜன்னலில் உட்கார வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். முதலில் ஃபோர்த் கழிமுகத்தின் மீதுள்ள புகழ்பெற்ற சிவப்பு எஃகுப் பாலம் வரும். பிறகு வயல்கள். கடைசியாக டே நதிப் பாலம். ரயில் மெதுவாகத் தண்ணீருக்கு மேல் வளைந்து போகும்போது, கீழே ஆற்றில் கல்லால் ஆன மொட்டைத் தூண்கள் வரிசையாக நிற்பதைப் பார்ப்பீர்கள். அவை 1878இல் திறந்த முதல் பாலத்தின் மிச்சம். தாமஸ் பௌச் என்ற பொறியாளர் கட்டியது. 1879 டிசம்பர் 28 இரவு, புயலில் அதன் நடுப்பகுதி, மேலே ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. காற்றின் விசையைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்றும், வார்ப்பிரும்பு வேலையில் குறை இருந்தது என்றும் விசாரணையில் தெரிந்தது. இப்போது நாம் போகும் பாலம் 1887இல் திறந்தது. பழைய பாலத்தில் நல்ல நிலையில் இருந்த உத்திரங்கள் சிலவற்றை இதிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்தத் தூண்களைக் கண்டதும் என் கை தானாக இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் வி அண்ட் ஏ வடிவமைப்பு அருங்காட்சியகம். 2018இல் திறந்தார்கள். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா, ஸ்காட்லாந்தின் கடற்கரைப் பாறைகளை மனத்தில் வைத்து வடிவமைத்தது. நிரந்தரக் காட்சிக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை. பக்கத்திலேயே டிஸ்கவரி கப்பல். 1901இல் இதே ஊரில் கட்டப்பட்டு, துருவ ஆய்வாளர் ஸ்காட் தலைமையில் அண்டார்டிகா போனது. டண்டீ அப்போது திமிங்கில வேட்டைத் துறைமுகம். பனிக்கட்டியின் நெருக்கலைத் தாங்கும் மரக்கப்பல் கட்டத் தெரிந்த தச்சர்கள் இங்கே இருந்தார்கள்.

இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் வருகிறவர்களில் பலர் இந்த இரண்டையும் பார்த்து, படம் எடுத்து, காபி குடித்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை. இந்த ஊரை உண்டாக்கியவர்கள் சரிவின் மேலே வாழ்ந்தார்கள், மேலேதான் உழைத்தார்கள். அவர்களைப் பார்க்காமல் போனால் டண்டீக்குப் போய் வந்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மேலே போக பஸ்தான் வழி. நகர மையத்தின் நெதர்கேட், ஹை ஸ்ட்ரீட் பக்கம் நின்றால் ஊரின் எல்லா மூலைக்கும் பஸ் கிடைக்கும். நிறுத்தத்தில் நின்றால் மட்டும் போதாது, வரும் பஸ்ஸைப் பார்த்துக் கை நீட்ட வேண்டும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் முன்பக்கம் ஒரே கதவு. கண்டக்டர் கிடையாது, ஓட்டுநரிடமே டிக்கெட். படி உயரமாக இருக்குமோ என்று பயப்பட வேண்டாம், பஸ்ஸை நடைபாதைப் பக்கம் சாய்த்துத் தாழ்த்துகிறார்கள். இரண்டு மூன்று இடம் போவதென்றால் நாள் முழுவதற்குமான டிக்கெட்டே லாபம். அங்கே குடியிருக்கும் 60 வயதானவர்களுக்கு பஸ் இலவசம். அந்தச் சலுகை பார்வையாளர்களுக்கு இல்லை. இறங்கும்போது எல்லோரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள்கூட. அது எனக்கு மிகவும் பிடித்த பழக்கம்.

வங்கி அட்டையைக் காட்டியே பணம் கட்டிவிடலாம். ஆனால் நம் ஊர் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் தொடாமல் காட்டிக் கட்டும் வசதியும் பெரும்பாலும் மூடி வைக்கப்பட்டிருக்கும். கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள் சொந்தமாகப் பவுண்டு நோட்டு அச்சிடுகின்றன. அங்கே தாராளமாகச் செல்லும். ஊருக்குக் கொண்டுவந்தால் மாற்றுவது கஷ்டம், அங்கேயே செலவழித்துவிட வேண்டும்.

லா குன்றின் உயரம் 174 மீட்டர். உச்சி வரை பஸ் போகாது. சரிவில் உள்ள தெருக்களில் இறங்கி, மீதியை நடந்தே ஏற வேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினால் என்னைப் போன்றவர்களுக்கும் முடியும். உச்சியில் போர் நினைவுத்தூண். அங்கிருந்து ரயில் பாலமும் சாலைப் பாலமும், எதிர்க்கரை ஃபைஃபும், ஆறு கடலில் கலக்கும் இடமும் தெரியும். குன்றின் வயிற்றில் 1830களின் ரயில் சுரங்கப்பாதை ஒன்று மூடிக் கிடக்கிறது. நல்ல வெயிலிலும் மேலே காற்று பிய்த்துக்கொண்டு போகும். தலைக்குத் துணி கட்டாமல் ஏறாதீர்கள்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். நகர மையத்துக்கு மேற்கே, நடந்தால் கால் மணி நேரத்தில் வெர்டன்ட் வொர்க்ஸ் என்ற பழைய சணல் ஆலை. 1833இல் தொடங்கியது, இன்று அருங்காட்சியகம். டிஸ்கவரியையும் இதையும் ஒரே அறக்கட்டளை நடத்துவதால் இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கலாம். வங்காளத்தில் விளைந்த சணல் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி இங்கே வந்தது. காய்ந்த நார் இயந்திரத்தில் முறியும். திமிங்கில எண்ணெயையும் தண்ணீரையும் கலந்து தெளித்தால் இளகும் என்று கண்டுபிடித்தார்கள். எண்ணெய் துறைமுகத்திலேயே இருந்தது. அப்படித்தான் உலகத்துக்குச் சாக்கும் கூடாரத் துணியும் நெய்யும் ஊராக டண்டீ மாறியது. உச்சத்தில் சுமார் 50,000 பேர் சணல் ஆலைகளில் வேலை செய்தார்கள்.

அதில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் கூலி குறைவு என்பதே காரணம். பையன்களுக்கு 18 வயதாகி முழுக்கூலி கேட்கும் நிலை வந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். மனைவி ஆலைக்குப் போக, கணவன் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. சம்பாதித்த பெண்கள் தெருவில் நிமிர்ந்து நடந்தார்கள், சத்தமாகப் பேசினார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள்.

சத்தத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அருங்காட்சியகத்தில் இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓட்டிக் காட்டுகிறார்கள். ஒன்றிரண்டு ஓடும்போதே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. நூற்றுக்கணக்கில் ஓடிய கூடத்தில் பத்து மணி நேரம் நின்றவர்களுக்குக் காது போகாமல் என்ன செய்யும்? உதட்டசைவையும் கைச்சாடையையும் வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். பஸ் நிறுத்தத்தில் என்னோடு அடிக்கடி நிற்கும் ஒரு மூதாட்டி, பேசுவதற்கு முன் முழுதாக என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லையும் வாயை நன்றாகத் திறந்து சொல்வார். அந்நியப் பெண்ணுக்குப் புரிய வேண்டுமே என்று பேசுகிறார் என நினைத்திருந்தேன். பதினைந்து வயதில் ஆலைக்குப் போனதாக ஒருநாள் சொன்னார். எந்த பஸ் எங்கே போகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

கல்கத்தாவைச் சுற்றியே ஆலைகள் எழுந்தபின், சணல் விளையும் இடத்தோடு டண்டீயால் போட்டியிட முடியவில்லை. அந்த ஆலைகளை நடத்த மேலாளர்களாகப் போனவர்களில் டண்டீக்காரர்கள் பலர். 1990களின் இறுதியில் இங்கே சணல் தொழில் முற்றாக நின்றது.

வெர்டன்ட் வொர்க்ஸிலிருந்து நேரே லோக்கி என்ற பகுதிக்கு பஸ் பிடியுங்கள். அங்கே காக்ஸ் சகோதரர்களின் கேம்பர்டவுன் ஆலை இருந்தது. ஒரு காலத்தில் 5,000 பேர் வேலை செய்த இடம். 1981இல் மூடினார்கள். 86 மீட்டர் உயரப் புகைபோக்கி இன்றும், பல நிறச் செங்கல் வேலைப்பாட்டோடு, வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே நிற்கிறது. டிக்கெட் இல்லை, வழிகாட்டி இல்லை. அண்ணாந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து ரொட்டிக்கடையில் மக்ரோனி பை கிடைத்தால் வாங்குங்கள். மொறுமொறுப்பான மாவுக் கிண்ணத்துக்குள் சீஸ் மக்ரோனி. இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு அந்த ஊர் தந்த வரம்.

நேரம் இருந்தால் சாலைப் பாலத்தில் நடக்கலாம். 1966இல் திறந்தது, இரண்டேகால் கிலோமீட்டர் நீளம். இரு பக்கமும் வண்டிகள் ஓட, நடுவில் நடைபாதை. பாலம் ஃபைஃப் பக்கம் உயர்ந்தும் டண்டீ பக்கம் தாழ்ந்தும் இருக்கிறது. ஆகவே போகும்போது பஸ்ஸில் எதிர்க்கரை நியூபோர்ட் போய், திரும்பும்போது நடந்து வாருங்கள். வழி முழுக்க இறக்கம், எதிரே ஊர். டண்டீ முனையில் கீழே இறங்க லிஃப்ட் இருக்கிறது. பெருங்காற்று நாளில் பாதையை மூடிவிடுவார்கள்.

மக்மேனஸ் அருங்காட்சியகம் இலவசம், ஒரு மழை நாளுக்குப் போதும். டே நதிக்குள் 1883இல் வழிமாறி வந்த திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அங்கே தொங்குகிறது. பிராட்டி ஃபெரி கடற்கரைக்கு பஸ் உண்டு, கோட்டையும் இலவசம்.

டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம். எனவே ஜூனில் போங்கள். ஒரே நாள்தான் கையில் இருக்கிறதென்றால் நான் சொல்லும் வரிசை இது: காலையில் வெர்டன்ட் வொர்க்ஸ், பிறகு லோக்கி, மதியத்துக்கு மேல் லா, மாலையில் டிஸ்கவரி. டிஸ்கவரி எத்தனை மணிக்கு மூடுகிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் போதவில்லையென்றால் வி அண்ட் ஏவை விட்டுவிடுங்கள், ஆலையை விடாதீர்கள்.